மலிவான கார் எண்டால் எது?

இங்கிலாந்தில் ஒரு காரைத் துண்டு துண்டாக வாங்கி, வீட்டுக் கராஜில் வைத்துப் பூட்டி, அரசாங்கச் சோதனைக்குக் கொண்டுபோய், இலக்கத்தகடு எடுத்து ரோட்டில் ஓட்டலாம். சட்டப்படியே ஓட்டலாம். அப்படிப் பூட்டுகிற காருக்குக் கிட் கார் என்று பெயர். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கடந்த எட்டு மாதமாக என்னுடைய போனில் பாடக்குறிப்புகளைவிட அதிகமாக இருப்பது கார்ப் படங்கள்தான். அதுக்குக் காரணம் என்ர மாமா, அம்மாவின் தம்பி.

மாமா லண்டனுக்குப் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். பெற்றோல் செட், பலசரக்குக் கடை, இப்ப ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. ஆங்கிலம் நல்லாக் கதைப்பார். ஆனால் நீளமாக எதையும் வாசிக்கப் பஞ்சிப்படுவார். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவருடைய படிப்பும் அந்த றோட்டிலேயே நின்றுபோனது. அதனால் கிட் கார் ஆசை வந்தவுடன் எனக்குத்தான் போன் எடுத்தார். "பிள்ளை, நீதானே கம்பஸில் படிக்கிறாய். இதுகளை வாசிச்சு எனக்குத் தமிழில சொல்லு. எது மலிவு எண்டு மட்டும் பார்."

அவர் ஒதுக்கி வைத்திருந்தது 5,000 பவுண். அதற்குள் முடியவேண்டும். கேள்வி சின்னன்தான், ஆனால் மலிவு என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

முதலில் இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்த்தேன், வரலாறு படிக்கிற புத்தி விடாது தானே. 1957 இல் கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தது. கதவு இல்லை, கூரை என்று சொல்ல ஒன்றும் இல்லை, நிறை ஒரு தொன்னில் பாதிக்குக் கிட்ட. அந்தக் காலத்தில் பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்வனவு வரி இருந்தது. பாகங்களாக விற்றால் அந்த வரி இல்லை. ஆகவே ஆட்கள் பெட்டிகளில் வாங்கி வீட்டில் பூட்டினார்கள். எப்படிப் பூட்டுவது என்ற கையேட்டைச் சேர்த்துக் கொடுத்தால் அது முழுக் காராகிவிடும் என்பதால், எப்படிக் கழட்டுவது என்ற குறிப்பைக் கொடுத்தார்களாம், வாங்கினவர் அதைப் பின்னாலிருந்து வாசிக்கவேண்டியதாம். இந்தக் கதையை மாமாவுக்குச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் மாமி எழும்பி வந்துவிட்டா. 1973 இல் வற் வரி வந்ததோடு அந்தச் சலுகை போனது. அதே வருஷம் செவனைச் செய்கிற உரிமை கேற்றரம் என்ற நிறுவனத்துக்குப் போனது. வரிக்காகத் தொடங்கின பழக்கம் வரி போன பிறகும் தொடர்ந்தது. கையால் செய்கிற ஆசைக்கு வரி ஒரு சாட்டுத்தான் போல.

கேற்றரம் எங்கள் கணக்குக்குள் வராது. மிச்சம் இருந்தது மூன்று வழி.

ஒன்று, எல்லாத்தையும் தானே செய்வது. 1996 இல் ரொன் சம்பியன் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். 250 பவுண் செலவில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம் என்பதுதான் அதின் தலைப்பே. ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயை அளந்து வெட்டி, ஒரு தட்டையான பலகையில் வைத்து ஒட்டி, சேஸியைச் செய்யவேண்டும். சேஸி என்றால் காரின் எலும்புக்கூடு. பிறகு ஒரு பழைய போர்ட் எஸ்கோர்ட்டின் எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு எல்லாவற்றையும் கழட்டி அதில் பூட்டவேண்டும். இப்படிச் செய்கிற கார்களை 'லோகோஸ்ற்' என்பார்கள். லோட்டஸையும் 'லோ கொஸ்ற்' என்பதையும் சேர்த்துச் சிலேடை.

மாமாவுக்கு அந்த 250 என்ற எண் பிடித்துவிட்டது. ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு காலம் ஒளிந்திருக்கிறது. பின்சில்லால் ஓடுகிற அந்த எஸ்கோர்ட்டுகளின் உற்பத்தி 1980 இல் நின்றுவிட்டது. 1996 இல் அவை பழைய இரும்பு. இன்றைக்கு அவை சேகரிப்பாளர்கள் தேடுகிற சாமான், கழட்டி எறிய ஒருவருக்கும் மனம் வராது. 2007 இல் கிறிஸ் கிப்ஸ் அதே பதிப்பகத்துக்கு எழுதின அடுத்த புத்தகம் போர்ட் சியேராவை வைத்துச் செய்யச் சொன்னது. இப்ப சியேராவும் அருமை. புத்தகம் அப்படியே இருக்கிறது, புத்தகம் நம்பியிருந்த கார்கள்தான் றோட்டில் இல்லை.

பாகம் தருகிற காரை ஆங்கிலத்தில் கொடையாளி என்கிறார்கள். நாங்கள் 'தானக் கார்' என்று பெயர் வைத்தோம். "கண்தானம் மாதிரி" எண்டார் மாமா. செவன் மாதிரியான காருக்கு எஞ்சின் முன்னுக்கும் உந்துவிசை பின்சில்லுக்கும் வேணும். இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சில்லால் இழுபடுகிறவை. ஆகவே றோட்டில் ஆயிரம் பழைய கார் ஓடினாலும் தானம் தரக்கூடியவை கொஞ்சம்தான்.

இரண்டாவது வழி, வேறொருவர் தொடங்கிப் பாதியில் விட்ட வேலையை வாங்குவது. இதுதான் உண்மையிலேயே ஆகக் குறைந்த விலை. 900 பவுணுக்கு ஒன்று வந்தது. சேஸி, எஞ்சின், பெட்டி பெட்டியாகச் சாமான். மாமா மூன்று முறை அந்த விளம்பரத்தை அனுப்பினார். நான் கேட்டது ஒன்றுதான், "அந்த ஆள் ஏன் விட்டவர்?" விற்கிறவர் பத்து வருஷத்துக்கு மேல் அதை மூடி வைத்திருந்தாராம். எந்தக் காரிலிருந்து கழட்டினது என்பதற்குப் பத்திரம் இல்லை, பற்றுச்சீட்டு இல்லை.

பத்திரம் ஏன் முக்கியம்? அங்கே வீட்டில் செய்த காரை றோட்டுக்கு விடமுதல் ஐ.வி.ஏ. என்ற தனிவாகனச் சோதனை செய்கிறார்கள். கார்களுக்கு 2009 இலிருந்து இதுதான் நடைமுறை. பிரேக், வெளிச்சம், சீற் பெல்ற், கண்ணாடி, புகை, சத்தம், வேகமானி எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு ஆகப் பிடித்த விதி கூர்முனை பற்றியது. 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பந்தைக் காரின் வெளிப்பக்கத்தில் உருட்டினால் அது தொடுகிற எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீற்றர் ஆரைக்கு வளைந்திருக்கவேண்டும். றோட்டால் போகிற ஒருவரில் கார் முட்டினால் கிழிக்கக்கூடாது என்பதற்காக. ஆகவே நட்டுகளுக்குப் பிளாஸ்ரிக் தொப்பி, தகட்டு விளிம்புகளுக்கு இறப்பர் என்று போட்டுக்கொண்டு வருவார்கள். நீங்கள்தான் செய்தீர்கள் என்பதற்குப் படமும் பற்றுச்சீட்டும் காட்டவேண்டும். சேஸி புதிதாக இருந்து, எஞ்சின், கியர்பொக்ஸ் போன்ற முக்கிய பாகங்களில் இரண்டாவது ஒரே தானக் காரிலிருந்து வந்ததென்று நிரூபித்தால், அந்தக் காரின் வயதுக்கேற்ற இலக்கம் கிடைக்கும். பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாவிட்டால் 'கியூ' எழுத்தில் தொடங்குகிற இலக்கம். அது என்ன காரென்று எங்களுக்குத் தெரியாது என்று அரசாங்கமே எழுதி ஒட்டுகிற மாதிரி.

900 பவுண் கார் மலிவுதான். ஆனால் அதை வாங்குகிறவர் முதலில் இன்னொருவர் செய்ததையெல்லாம் கழட்டிப் பார்க்கவேண்டும். ஒட்டு நல்லதா, பிரேக் குழாய் உக்கிப்போச்சா, எந்தப் பெட்டியில் என்ன இல்லை என்றெல்லாம் தேடவேண்டும். இரவு வேலை முடிந்து வருகிற ஒரு மனிசனுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

மூன்றாவது வழி மஸ்டா எம்.எக்ஸ்-5. 1989 இல் ஜப்பானில் வந்த இரண்டு சீற் கார், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்து ஆசைப்பட்டு செய்தது. எஞ்சின் முன்னுக்கு, உந்துவிசை பின்னுக்கு. பிரிட்டனின் மழையிலும் குளிர்காலத்தில் றோட்டுக்குப் போடுகிற உப்பிலும் இதின் கதவுக்குக் கீழான பகுதி துருப்பிடித்து உக்கும், எஞ்சின் நல்லாத்தான் இருக்கும். உடம்பு போய் உயிர் இருக்கிற கார், தானத்துக்கு இதைவிடப் பொருத்தம் என்ன. இதில் கியர்பொக்ஸையும் பின்னாலுள்ள டிபரன்ஷலையும் ஒரு நீளமான சட்டம் இணைத்து வைத்திருக்கிறது. அதனால் எக்ஸோசெட் போன்ற கிட்டுகளுக்கு, மேலுடம்பைத் தூக்கி எடுத்துவிட்டு, கீழே முழுதாக நிற்கிற எஞ்சின் வரிசைக்கு மேல் புதுச் சேஸியை இறக்கலாம். எல்லாம் ஒரே காரிலிருந்து வருவதால் பத்திரப் பிரச்சினையும் குறைவு. மிஞ்சுகிற கதவு, சீற், கூரை எல்லாவற்றையும் விற்றுக் கொஞ்சக் காசை மீட்கலாம்.

விளம்பர விலையை மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுதான் கூட. ஆனால் விளம்பரத்தில் இல்லாத வரிசையை எழுதினேன்: ரயர், பிரேக் குழாய், வயரிங், வெளிச்சம், பெல்ற், பெயின்ற், சோதனைக் கட்டணம், காப்புறுதி, வாடகைக்கு எடுக்கிற தூக்கி, வெல்டிங் மெசின், அதைப் பழகுகிற காலம். இந்த வரிசை எது பக்கம் நீளுகிறது என்று பார்த்தால் மலிவு தலைகீழாகிறது. லோகோஸ்ற் காசைக் குறைத்து காலத்தை வாங்குகிறது. பாதிக் கார் காசைக் குறைத்து சந்தேகத்தை வாங்குகிறது. எம்.எக்ஸ்-5 மட்டும்தான் என்ன செலவு வரும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லுகிறது.

இதற்கிடையில் வீட்டில் சண்டை. அம்மாவுக்கு விசயம் தெரிந்த அண்டைக்கே போன் போட்டா. "ஓடுற காரைக் கழட்டி இன்னொரு கார் செய்யிறதோ? உனக்கென்ன விசரே? அந்தக் காசுக்கு அம்மான்ர வீட்டு ஓடு மாத்தலாம். மழைக்கு ஒழுகுது." அம்மா சொன்னதில் பிழை இல்லை, கூரை ஒழுகுவது உண்மை. மாமா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு சொன்னார், "ஓட்டுக்கும் அனுப்புறன் அக்கா. இது என்ர காசு." அவருடைய வாயிலிருந்து 'என்ர காசு' என்ற சொல்லை நாங்கள் அதுக்கு முதல் கேட்டதேயில்லை. அக்காமாரின் கலியாணம், அம்மப்பாவின் ஒப்பரேசன், என்ர கம்பஸ் செலவு எல்லாம் அவருடைய காசுதான், ஆனால் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்த இன்னொரு கதையும் இருக்கிறது. அம்மப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார் இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை. பேர்மிங்ஹாமில் பெற்றோலுக்கென்று செய்த அந்தக் கார்களை எங்கட ஆட்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் அது தாங்கியது. ஆனால் பிளக்கில் கரி பிடிக்கும், புகை றோட்டையே மூடும். பிளக் கழட்டித் துடைக்கிற வேலை பள்ளிக்கூடம் விட்டு வருகிற மாமாவுக்கு. அண்டைக்கு அதைப் பொழுதுபோக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை, எஞ்சினியரிங் என்றும் சொல்லவில்லை. அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் நிறுத்தின தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருந்த கார்களையே திரும்பத் திரும்பக் கழட்டிப் பூட்டி எங்கட மெக்கானிக்மார் ஓடவைத்தார்கள். கையும் அறிவும் எங்களிடம் இல்லாமல் இல்லை. தேவையே இல்லாமல், ஆசைக்காக மட்டும் ஒரு ஸ்பனரைத் தூக்குகிற ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாமாவுக்கு அது ஐம்பதுக்குக் கிட்டக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. பாதியில் நின்ற படிப்பு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கராஜுக்குள் பாதியில் நிற்கிற காரும் ஒன்று வேண்டாம்.

ஆகவே நான் அவருக்கு எழுதின முடிவு இதுதான்: "மாமா, எது மலிவு எண்டு பார்க்கவேண்டாம். எதை நீங்கள் முடிப்பீங்கள் எண்டு பாருங்கோ. முடியாத கார்தான் ஆக விலை கூடினது." கூடவே ஒரு ஒழுங்கும் சொன்னேன். முதலில் தானக் காரை மட்டும் வாங்குங்கோ. அதைக் கழட்டி முடிக்கும்வரை கிட்டுக்குக் காசு கட்டவேண்டாம். கழட்டுகிற மூன்று மாதத்தில் அலுத்துப்போனால் பாகங்களை விற்று வெளியே வரலாம். அலுக்காவிட்டால் மிச்சத்தையும் செய்யலாம்.

உக்கின எம்.எக்ஸ்-5 ஒன்று 700 பவுணுக்கு வந்தது. இப்ப அது நாலு கட்டையில் நிற்கிறது. கழட்டின நட்டுகளைச் சின்னப் பொலித்தீன் பைகளில் போட்டு, மாமா தன்ர கையாலேயே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். 'முன் இடது பிரேக்', 'டிபரன்ஷல் மேல் நாலு', 'எதெண்டு தெரியேல்ல'. கடைசிப் பையில் இப்போதைக்கு ஏழு நட்டு.

போன கிழமை சேஸிக்கு முற்பணம் கட்டினார். அதே கிழமை இங்கே ஓடு மாத்துகிற வேலையும் முடிந்தது. அம்மா குடும்ப வட்ஸ்அப்பில் புதுக் கூரையின் படத்தைப் போட்டா. மாமா அதுக்குக் கீழே டிபரன்ஷலின் படத்தைப் போட்டார். அம்மா கேட்டது, "உது என்ன, கழுவினதோ?"