முதற்படிக்கு இறங்கும் தாய்

திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயரை எழுதுகையில் நம் உள்ளம் நிறைகிறது. அதே நாள்களில் அக்குழந்தையின் தாயினுடைய பெயர் வேறோர் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். அது சம்பளப் பதிவேடு.

நம் பங்குகளில் தனியார் பள்ளி ஆசிரியைகள் பலர் உள்ளனர். பேறுகாலம் நெருங்கி விடுப்புக் கேட்கும்போது, சில இடங்களில் அவர்களிடம் பணிவிலகல் கடிதமே கேட்கப்படுகிறது. பின்னர் அதே வகுப்பறைக்குத் திரும்பினாலும் புதிதாய்ச் சேர்ந்தவராகவே கணக்கிடப்படுகின்றனர். கற்பிக்கும் திறன் குறையவில்லை. ஆண்டுதோறும் ஏறிய ஊதியம் மட்டும் முதற்படிக்கு இறங்கிவிடுகிறது. தந்தையானதற்காகக் கணவரின் ஊதியத்தில் ஒரு காசும் குறைவதில்லை.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. குடும்ப நலத் திட்டங்கள் மிகுந்த டென்மார்க்கில், 1980 முதல் 2013 வரையிலான பதிவுகளைப் பொருளியலார் ஆராய்ந்தனர். முதற் குழந்தைக்குப் பின் தாயின் வருவாய், தந்தையின் வருவாயோடு ஒப்பிடுகையில், நெடுங்காலத்துக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு பின்தங்கியதைக் கண்டனர்.

நம் நாட்டின் 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது. முதல் இரு குழந்தைகளுக்கு 12 வார விடுப்பு 26 வாரமாயிற்று. நல்ல திருத்தமே. ஆனால், ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வராத பெண்களுக்கு விடுப்புக்கால ஊதியம் முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. பிள்ளை சமுதாயம் முழுவதற்கும் உரிய செல்வம். அதன் செலவை ஒருவர் தோளில் ஏற்றினால், அவர் அதை அப்பெண்ணின் தோளிலேயே இறக்கிவைக்கத் துணிவார்.

பெண்ணின் முன்னேற்றத்துக்கு விலையாக அவள் தாய்மையைக் கைவிட நேராதவாறு உழைப்புமுறை அமைய வேண்டுமென்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடலில் கற்பித்தார். தாய்மைக்குச் சலுகை காட்டும் இரக்கத்தை அன்று, நீதியையே அவர் கேட்டார்.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்ட உரிமையாளரை நாம் அறிவோம். அங்கே கடைசியில் வந்தோர் வேலையின்றிச் சந்தைவெளியில் நின்றவர்கள். நம் தாயோ நின்றவள் அல்லள். அதே தோட்டத்தின் வேறொரு மூலையில் இரவும் பகலும் உழைத்திருந்தவள். அவள் திரும்பி வரும்போது, விட்டுச்சென்ற படியிலேயே அவளை நிறுத்துவோம். அந்த நீதி நம் கல்விக்கூடங்களின் சம்பளப் பதிவேட்டிலிருந்தே தொடங்கட்டும்.