ஒப்புநோக்கும் பணி

சிராங்கூன் சாலையில் நடப்போர் கைப்பேசியில் 'தேக்கா' என்னும் சொல்லைப் படிக்கையில், அதன் பின்னுள்ள உழைப்பை எண்ணுவதில்லை. யூனிகோடு முறையில் தகரம் முதலிலும் ஏகாரக் குறி அடுத்தும் பதிவாகின்றன. குறியை முன்னே நிறுத்திக் காட்டுவது ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் நூலகங்களின் பணி.

இத்தகைய நூலகங்களைப் பிறர் ஆக்கித் தர, நாம் நம் மென்பொருளில் இணைத்துக்கொள்கிறோம். எந்தப் பதிப்பு, எவ்வெப் பகுதிகள், எவ்வாறு இணைய வேண்டும் என்பனவற்றைக் கணினிக்கு அறிவிக்கும் கட்டுமானக் கோப்பைப் பேணுவது என் தொழிலில் ஒரு கூறு. நூலகத்தார் ஓர் உறுப்பின் பெயரை மாற்றினும் நம் கோப்பும் மாற வேண்டும். பழம்பதிப்பிலேயே நின்றுவிட்டால், அதன் குறைகளும் நம்முடனேயே தங்கிவிடும்.

இது வெறும் எழுத்தர் வேலையன்று. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் நூலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று வெளிப்பட்டது. அதைத் திறந்துவிடும் வரிகள் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட பொதியின் கட்டுமானக் கோப்பில் மட்டுமே இருந்தன. உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதித்ததைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஆந்திரெஸ் ஃபிராய்ண்ட் அதனைக் கண்டறிந்தார்.

மூலத்தில் இல்லாதது படியில் நுழைவது தமிழாசிரியர்க்குப் புதிய செய்தியா? உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கியதும் இக்கவலையால் அன்றோ! புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மூலத்தையும் பொதியையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பார்க்கிறேன். கணினி பயிலும் தமிழ் மாணவர்க்கு இப்பணி வாய்க்குமாயின், அதனைச் சிறிதென்று ஒதுக்காதிருக்க வேண்டுகிறேன்.