கூரையில்லாத சுவாமிகள்

எங்கள் சேலத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காசிக்கும் திருப்பதிக்கும் மூட்டை கட்டுவோம், பக்கத்திலேயே இருக்கும் நாமக்கல்லை மட்டும், "எங்கே ஓடிவிடப் போகிறது?" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்போம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று இருக்குமே!

"ஒரு ஞாயித்துக்கிழமை அனுமாருகிட்டே கூட்டிட்டுப் போ கண்ணு" என்று என் பாட்டி எத்தனையோ தரம் கேட்டாள். "பரீட்சை முடியட்டும், பாட்டி" என்பேன். எல்லாப் பரீட்சைகளும் முடிந்தன. மேல்படிப்புக்கு நான் டோக்கியோவுக்கே போய்ச் சேர்ந்தேன். நாமக்கல் மட்டும் பாக்கி.

டோக்கியோவில் ஒரு ஞாயிறு. அறையில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் காமகுராவுக்குப் புறப்பட்டேன். ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து பொம்மை மாதிரி ஒரு குட்டி ரயில். வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டு போகிறது. கையை நீட்டினால் கொடியில் உலரும் துணியை எடுத்துவிடலாம் போல! மூன்றாவது நிலையமான ஹாசேயில் இறங்கி நடந்தேன்.

மரங்களுக்கு நடுவே வெண்கலப் புத்தர். உட்கார்ந்த நிலையிலேயே 11 மீட்டருக்கு மேல் உயரம். 1252-ஆம் ஆண்டில் வார்க்கத் தொடங்கினார்களாம். அவரைச் சுற்றிக் கட்டிய மண்டபம் பலமுறை இடிந்து விழுந்தது. 15-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு யாரும் கட்டவில்லை. அன்றிலிருந்து வெயிலும் மழையும் அவர் தலையில்தான். நான் போன அன்றும் தூறல். கன்னத்தில் நீர் வழிய, சற்றே குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு வைக்கோல் செருப்பு ஒரு ஜோடி! யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில், 1951-இல், குழந்தைகள் சேர்ந்து முடைந்து கொடுத்தது. புத்தர் அதை மாட்டிக்கொண்டு நாடெங்கும் நடந்து எல்லோரையும் சந்தோஷப்படுத்த வேண்டுமாம். அந்த வழக்கம் அப்புறமும் தொடர்ந்திருக்கிறது. என்ன ஆசை, பாருங்கள்!

அந்தத் தூறலில் எனக்கு நாமக்கல் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே குகையில் இருக்கும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்கும் கூரை கிடையாது. இதைப் பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்ததில்லையே! அங்கேயே ஒரு தபால் அட்டை வாங்கி எழுதினேன்: "பாட்டி, வந்ததும் முதல் வேலை நாமக்கல்தான்."

வந்தேன். அதற்குள் பாட்டிக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. வீட்டில் யாரும் எனக்கு எழுதவில்லை; படிப்பு கெடுமாம்.

மறுநாளே இருவரும் பஸ் ஏறினோம். சந்நிதியில் பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எம்மாம் உசரம் கண்ணு?" என்று கேட்டாள். "கழுத்து வலிக்கிற உயரம், பாட்டி. வடைமாலை சாத்தியிருக்கிறார்கள்."

"அந்த ஊர் சாமியும் நனைவார்னு எழுதியிருந்தியே. நீ குடை கொண்டுபோயிருந்தியா?"

"இல்லை, பாட்டி."

"சரியாப் போச்சு" என்று என் தலையைத் தடவிப் பார்த்தாள்.