மக்தலேன் சாலையில் ஒரு தாய்வீடு

ஆக்ஸ்ஃபோர்டு என்றதும் பல்கலைக்கழகமும் பழைய கல் கட்டடங்களும்தான் நினைவுக்கு வரும். சுற்றுலாப் பயணிகள் பலரும் மாட்லின் கல்லூரியின் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டி, செர்வெல் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஊர் வேறு முகம் காட்டும்.

பாலத்தை அடுத்த ரவுண்டானாவில் சாலை மூன்றாகப் பிரிகிறது. நடுவில் செல்லும் கௌலி சாலையில் பல நாட்டு உணவகங்களும் மளிகைக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும். வலப்பக்கம் இஃப்லி சாலை. 1954 மே 6 அன்று ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடிக் காட்டிய மைதானம் அங்கேதான் இருக்கிறது. இந்த இரு சாலைகளையும் இணைக்கும் குறுக்குச் சாலையின் பெயர் 'மக்தலேன்'.

அந்தச் சாலையில், ஆங்கிலிகன் கன்னியர் மடம் ஒன்றின் வளாகத்தில் எழுந்ததுதான் 'ஹெலன் ஹவுஸ்'. 1982 நவம்பரில் திறக்கப்பட்ட இது, உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ். ஹாஸ்பிஸ் என்றால் கடைசி நாள்களுக்கான இடம் என்றே நினைப்போம். இங்கே வரும் குழந்தைகளில் பலர் சில நாள்கள் தங்கிவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அந்தச் சில நாள்கள், பெற்றோருக்கான ஓய்வு.

இதன் தொடக்கம் ஒரு நட்பு. 1978-ல் ஹெலன் என்ற சின்னஞ்சிறு பெண் குழந்தைக்கு மூளையில் கட்டி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிர் தங்கியது. ஆனால் எல்லாவற்றுக்கும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலை. பல மாத மருத்துவமனை வாசத்துக்குப் பின் பெற்றோர் அவளை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். அப்போது மடத்தின் தலைவியாக இருந்த சகோதரி ஃபிரான்சஸ் டொமினிக்கா, குழந்தைகள் நல நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். 'கொஞ்ச நாள் ஹெலனை என்னிடம் விடுங்கள்' என்று கேட்டு, அவளை மடத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். இதே உதவி மற்றக் குடும்பங்களுக்கும் வேண்டுமே என்ற எண்ணம்தான் கட்டடமானது.

நம் ஊரில், கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வரும் மகளிடம், 'பிள்ளையை இப்படிக் கொடு, நீ போய்ப் படு' என்பார்கள். ஆனால் குழாய் வழியாக உணவு, அடிக்கடி வலிப்பு, இரவில் பல முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய உடல் என்றால், பாட்டிக்கே கை நடுங்கும். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியாது. அப்படிப்பட்ட தாய்க்குப் பயிற்சி பெற்றவர்கள் சொல்லும் 'நீ போய்ப் படு'தான் ஹெலன் ஹவுஸ்.

எட்டுக் குழந்தைகளுக்கான சிறிய இல்லமாக, ஆஸ்பத்திரி வார்டின் சாயல் வராமல் அமைத்தார்கள். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் கூடவே தங்கலாம். குழந்தையின் பொறுப்பை நர்ஸுகளிடம் விட்டு அப்பா அம்மா தூங்கலாம்; எப்போதும் 'கொஞ்சம் பொறு' என்ற பதிலையே கேட்டுப் பழகிய அண்ணனுக்கோ தங்கைக்கோ நேரம் ஒதுக்கலாம். குளிரூட்டப்பட்ட சிறிய அறை ஒன்றும் உண்டு. குழந்தை இறந்துவிட்டால், இறுதிச் சடங்கு வரை படுக்கையில் கிடத்தி, குடும்பத்தினர் அவசரமின்றி உடனிருக்க அந்த அறை.

சேவைக்குக் குடும்பங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெரும்பகுதி நன்கொடையில் நடக்கிறது. அதன் பலவீனமும் அங்கேயே தெரிந்தது. வளரும் பிள்ளைகளுக்காக 2004-ல் பக்கத்திலேயே திறந்த 'டக்ளஸ் ஹவுஸ்', பண நெருக்கடியால் 2018-ல் மூடப்பட்டது. குழந்தைகளுக்கான இல்லம் தொடர்ந்தது.

இங்கிலாந்தில் 2011 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், மாற்றுத்திறன் குழந்தைகளைப் பராமரிப்பவர்களுக்கு இடைவேளை தரும் சேவைகளை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்கியுள்ளன. இனி முடியாது என்று சோர்ந்து விழுந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் இன்னும் நன்றாகக் கவனிக்கக்கூடியவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். ஓய்வு கேட்பது பிள்ளையைக் கைவிடுவதல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

ஹெலன் ஹவுஸ் சுற்றிப் பார்க்கும் இடமல்ல; உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அதன் நிதிக்காக நடக்கும் கடைகளுக்குள் யாரும் நுழையலாம். பழைய புத்தகமோ ஒரு ஸ்வெட்டரோ வாங்கினால், அந்தப் பணம் ஏதோ ஒரு தாயின் ஓரிரவுத் தூக்கத்துக்கு உதவும்.