பாட்டிலுக்குள் ஜிப்சம்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆபீஸ் புலம்பல் இல்லை, தக்காளிப் புலம்பல். தைரியமா படிக்கலாம் :-)

வொர்க் ஃப்ரம் ஹோம் புண்ணியத்தில் ஆலங்குடி பக்கத்தில் இருக்கிற எங்க ஊருக்கே வந்து சேர்ந்தாச்சு. சும்மா இருக்க முடியாம மாடி ரூமில் எல்.ஈ.டி. விளக்கு மாட்டி, தேங்காய் நார்க் கழிவு நிரப்பின பையில் ஆறு தக்காளிச் செடி வச்சேன். "வெயிலுக்கா பஞ்சம் நம்ம ஊர்ல? லைட்டு போட்டுச் செடி வளக்குறான் பாரு"ன்னு ஊரே சிரிச்சது. மொட்டை மாடியில் வச்சா மயில் விட்டு வைக்காதுன்னு அவங்களுக்கும் தெரியும், இருந்தாலும் சிரிச்சாங்க.

செடி நல்லாத்தான் வந்தது. காய் பிடிச்சதுக்கு அப்புறம்தான் வினை. அடி இலையெல்லாம் நரம்பு மட்டும் பச்சையா நிக்க, நடுவில் மஞ்சள் பூத்தது. காயோட அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அமுங்கிப் போச்சு. பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை.

தேடினதில் ரெண்டு பேர் சிக்கினாங்க. இலைக்கு மக்னீசியம், காய்க்கு கால்சியம். இலையோட பச்சையத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறதே மக்னீசியம்தான். அது பத்தலைன்னா செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துடும், அதனால அடி இலை முதல்ல வெளுக்கும். கால்சியம் அப்படி இல்லை, ஒரு இடத்தில் உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். வேர் உறிஞ்சற தண்ணியோட மேலே போய், இலை எங்கே ஆவி விடுதோ அங்கேயே தங்கிடும். காய் அவ்வளவா ஆவி விடாதே! அதனால பட்டினி கிடக்கிறது காய்தான்.

சரி, இந்தப் பஞ்சம் எப்படி வந்தது? நான்தான் கொண்டு வந்தேன். செடிக்குச் சுத்தமான தண்ணியா ஊத்தணும்னு ஆர்.ஓ. தண்ணியா ஊத்தியிருக்கேன். இன்ஜினியரிங் முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஈ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டா விட்டு, ஒயின் சிவப்பு நீலமா மாறுதான்னு கண்ணு வலிக்கப் பார்ப்போமே, அது அளந்ததே தண்ணியில் இருக்கிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும்தான். அதுக்குப் பேர் கடினத்தன்மைன்னு எழுதி மார்க் வாங்கினவன், ஆர்.ஓ. மெஷின் அதைத்தான் எடுத்துடுதுன்னு யோசிக்கலை. போதாக்குறைக்கு நார்க் கழிவு வேற. அதில் ஒட்டியிருக்கிற பொட்டாசியம், சோடியத்தை விட்டுட்டு நாம கொடுக்கிற கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

இதுக்கு 'கால்-மேக்'னு ஒரு திரவம் பாட்டிலில் விக்கிறாங்க. வெளிநாட்டில் இதை அதிகம் வாங்கறவங்க யாருன்னா, ரூமுக்குள்ள கூடாரம் போட்டு கஞ்சா வளர்க்கிறவங்க. அவங்களும் நம்மள மாதிரி நார்க் கழிவு, ஆர்.ஓ. தண்ணி கோஷ்டிதான். (நம்ம நாட்டில் அது 1985 சட்டப்படி ஜெயில் சமாச்சாரம். நான் சத்தியமா தக்காளிதாங்க.) விலையைப் பார்த்துட்டு மூடி வச்சேன். ஆலங்குடி உரக்கடையில் கால்சியம் நைட்ரேட் ஒரு பாக்கெட், மக்னீசியம் சல்பேட் ஒரு பாக்கெட் வாங்கினேன். ரெண்டையும் ஒரே லிட்டர் பாட்டிலில் கெட்டியா கரைச்சு வச்சா தினமும் மூடி மூடியா ஊத்திக்கலாம்னு ஐடியா.

காலையில் பார்த்தா பாட்டிலுக்கு அடியில் ரெண்டு விரல் கனத்துக்கு வெள்ளை வண்டல். அப்பா எடுத்துக் குலுக்கிப் பார்த்தாரு. "என்ன தம்பி, ஜிப்சத்தைக் கரைச்சு வச்சிருக்க?"

இல்லப்பான்னு வாயெடுத்தவன் அப்படியே நின்னுட்டேன். கால்சியமும் சல்பேட்டும் கெட்டியா சேர்ந்தா ஜிப்சம்தான். லிட்டருக்கு ரெண்டு கிராம் சொச்சம்தான் கரையும், மிச்சம் வண்டல். அப்பா கெமிஸ்ட்ரி படிக்கலை. நாப்பது வருஷமா கையில் அள்ளின பொருள், பார்த்ததும் சொல்லிட்டாரு.

அந்த வார்த்தை எனக்குச் சுட்டதுக்கு வேற காரணம் இருக்கு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி மார்கழிப் பட்டக் கடலைக்கு ஜிப்சம் வாங்க அப்பா போனில் பணம் கேட்டாரு. நான் சென்னையில் ஏதோ ரிலீஸ் டென்ஷனில் இருந்தேன். "அதான் டி.ஏ.பி. போட்டாச்சுல்லப்பா, அந்தச் சுண்ணாம்புப் பொடி எதுக்கு, வேஸ்ட்டு"ன்னேன். அவர் மறுபடி கேட்கலை. கடன் வாங்கியும் போடலை. படிச்ச புள்ள சொல்லுதுன்னு விட்டுட்டாரு. அறுவடைக்கு ஊருக்கு வந்தேன். செடி தளதளன்னு இருந்தது, பிடுங்கினா காய் கொத்துக் கொத்தா. உடைச்சா பாதி பொக்கு.

அப்ப விளங்கலை, இப்ப தக்காளி புரிய வச்சது. கடலைக்குப் பூ மேலே, காய் கீழே. பூ முடிஞ்சதும் விழுது மண்ணுக்குள்ள இறங்கும். வேர் எடுக்கிற கால்சியம் இலைக்குப் போயிடும், திரும்பி காய்க்கு இறங்காது. இருட்டு மண்ணுக்குள்ள இருக்கிற காய் ஆவியும் விடாது. அதனால தன்னைச் சுத்தி இருக்கிற மண்ணிலிருந்து தோடு வழியா தானே உறிஞ்சிக்கணும். அதுக்குத்தான் ஹெக்டேருக்கு 400 கிலோ, நம்ம கணக்கில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40, 45 நாளில் செடி ஓரமா போட்டு மண் அணைக்கச் சொல்றாங்க. முன்னாடியே போடற டி.ஏ.பி. இந்த வேலையைச் செய்யாது.

அப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். தப்பு என் மேலதான்னும் சொன்னேன். "தெரியும்"னாரு. எது தெரியும்னு கேட்கத் தைரியம் வரலை.

இப்ப கால்சியம் ஒரு பாட்டில், மக்னீசியம் ஒரு பாட்டில், ஒரே நாளில் ரெண்டையும் ஊத்தறதில்லை. பாதிக்குப் பாதி போர் தண்ணி கலந்துக்கறேன். காய விட்டு மொத்தமா ஊத்தற பழக்கத்தையும் நிறுத்தியாச்சு, அதுவும் காய் கறுக்க ஒரு காரணம். கறுத்த காய் தேறாது, பறிச்சுப் போட்டுட்டேன். புதுசா பதினோரு காய், இதுவரைக்கும் அடி சுத்தமா இருக்கு.

நேத்து கடலைக்கு 42-ஆம் நாள். லீவு போட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டி, அப்பாவுக்குப் பின்னாடி நானும் ஜிப்சம் தூவினேன். "கையை இவ்வளவு தூக்காத தம்பி, காத்துல போவுது. செடி ஓரமா விடு"ன்னு சாயங்காலம் வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தாரு.