ஏழு சகோதரிகளைப் பார்க்கப் போகலாம்!

தலை சுற்றும் சுபாவமுள்ள சகோதரிகள் ஓர் எலுமிச்சம் பழத்தைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். நார்வே தேசத்தின் ஆண்டால்ஸ்னெஸ் ஊரிலிருந்து மோட்டாரில் புறப்படுகிறோம்.

ரௌமா நதியைத் தாண்டியதும் எதிரே செங்குத்தான மலை. அதில் 1936-ல் திறந்த சாலைக்குப் 'பூதங்களின் ஏணி' என்று பெயர். மொத்தம் 11 கொண்டை ஊசி வளைவுகள்! மறுபக்கம் இறங்கி, காரோடு படகேறி, இன்னொரு மலையையும் கடந்தால், அடடா, கீழே கெய்ராங்கர் பியோர்டு! ஆதியில் பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்துகொண்டதைத்தான் பியோர்டு என்கிறார்கள்.

அதன் ஒரு கரையில் 'ஏழு சகோதரிகள்' அருவி. எதிர்க்கரையில் 'மாப்பிள்ளை' அருவி. ஏழு பேரும் மறுத்துவிட்டதால் பாவம், அவர் குடிக்க ஆரம்பித்துவிட்டாராம்! ஏழு பேரையும் சேர்ந்தாற்போல் பார்க்கப் பனி உருகும் ஜூன் மாதமே நல்லது.

அருவிக்கு அருகே, மலைத் திட்டில் தொற்றிக்கொண்டிருக்கும் வீடுகளைக் கவனியுங்கள். அங்கே குடித்தனம் செய்த தாய்மார்கள், குழந்தை உருண்டுவிடாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டி விடுவார்களாம். நம் வீட்டு மொட்டை மாடிக்கே நாம் எத்தனை பயப்படுகிறோம்! தலைக்கு மேல் பாறை சரியும் என்று அஞ்சி, 1898-ல் அவர்கள் வெளியேறினார்கள்.

வீண் பயமில்லை. 1934-ல் பக்கத்து டாப்யோர்டில் மலை சரிந்து கடலில் விழ, எழுந்த அலையில் 40 பேர் மாண்டார்கள். இப்போது ஓக்னெஸ் என்ற மலையில் வெடிப்பு விரிந்து வருகிறது. கருவிகள் அதை இரவும் பகலும் அளக்கின்றன. கீழே கெய்ராங்கரில் பள்ளிக்கூடமும் ஓட்டல்களும் வழக்கம்போல் நடக்கின்றன.