யானை என்பது பெரிய பூனை அல்ல

"பி.காம். படிக்கிற உனக்கு ரத்தக்குழாயில என்னடா வேலை?" என்று விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காஸ்டிங் வகுப்பில் நாங்கள் போடும் கணக்கைத்தான் உடம்பும் போடுகிறது என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாமல் படியுங்கள் :-)

300 கிராம் எலி ஒன்று, 3,000 கிலோ யானை ஒன்று. எடையில் யானை 10,000 மடங்கு. அப்படியானால் உயிரோடிருக்க அதன் உடம்பு செலவழிக்கும் சக்தியும் 10,000 மடங்கா? இல்லை, ஏறக்குறைய 1,000 மடங்குதான். மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932-ல் பல விலங்குகளின் அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து இதைச் சொன்னார். சக்திச் செலவு, எடையின் முக்கால் அடுக்கில் ஏறுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு கிராம் சதையைப் பராமரிக்க எலிக்குப் பத்து ரூபாய் ஆனால் யானைக்கு ஒரு ரூபாய். மொத்த வியாபாரம் என்றால் சல்லிசுதானே!

ஏன் இப்படி? 1997-ல் ஜெஃப்ரி வெஸ்ட் என்ற இயற்பியலாளரும், ஜேம்ஸ் பிரவுன், பிரையன் என்குவிஸ்ட் என்ற இரு உயிரியலாளர்களும் ஒரு விளக்கம் தந்தார்கள். காரணம் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் விதம் என்றார்கள்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி கிளையாகி, கிளைக்குள் கிளையாகி, கடைசியில் தந்துகி என்ற மெல்லிய குழாயில் முடிகிறது. சரக்கு இறங்குவது அங்கேதான். தந்துகியின் அளவில் எலிக்கும் யானைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உடம்பு எடையில் ரத்தத்தின் பங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் யானையில் குடோனிலிருந்து கடைக்குத் தூரம் அதிகம். ஒவ்வொரு கடைக்கும் எப்போதும் நிறைய சரக்கு லாரியிலேயே இருந்தாக வேண்டும். கணக்கியலில் 'வழியில் உள்ள சரக்கு' என்போமே, அதேதான். அதனால் ரத்தம் 10,000 மடங்கு இருந்தும், தந்துகிகள் 1,000 மடங்குதான் இருக்க முடிகிறது. இறக்கும் இடம் குறைவு என்றால் ஒரு கிராம் சதைக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறைவு. செல்கள் நிதானமாகத்தான் வேலை செய்யும்.

இதெல்லாம் வெறும் பரீட்சைக் கணக்கு என்று நினைத்தால், 1962-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நடந்ததைக் கேளுங்கள். டஸ்கோ என்ற ஆண் யானைக்கு ஆராய்ச்சிக்காக 297 மில்லிகிராம் எல்.எஸ்.டி. ஊசி போட்டார்கள். பூனைகள் தாங்கிய அளவை வைத்து எடைக்கு எடை பெருக்கி வந்த கணக்கு அது. சில நிமிடங்களில் யானை சரிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தும் போனது. இடையில் வேறு மருந்துகளும் கொடுத்ததால் எது கொன்றது என்ற விவாதம் உண்டு. ஆனால் பெருக்கல் தப்பு என்பதில் சந்தேகமில்லை. 3 கிலோ பூனையைவிட 3,000 கிலோ யானை 1,000 மடங்கு எடை. முக்கால் அடுக்கில் போட்டால் வருவது சுமார் 178 மடங்குதான்.

இந்த முக்காலை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2003-ல் வந்த ஓர் ஆய்வு, பாலூட்டிகளுக்கு மூன்றில் இரண்டு அடுக்குதான் பொருந்துகிறது என்றது. 2010-ல் வந்த இன்னொன்று, அது நேர்கோடே இல்லை, வளைகிறது என்றது. சண்டை எப்படி முடிந்தாலும், நேரடிப் பெருக்கல் மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை.

மருந்துத் துறைக்கும் இது தெரியும். புது மருந்தை முதன்முதலில் மனிதருக்குக் கொடுக்கும்போது, சுண்டெலிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருந்த அளவை 12.3-ஆல் வகுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2005 வழிகாட்டி.

நம் வீடுகளில்தான் இன்னும் பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். குழந்தை என்பது பாதி சைஸ் பெரியவர் அல்ல. அதன் கல்லீரலும் சிறுநீரகமும் முழுதாகத் தேறியிருக்காது, அது தனிக் கணக்கு. மாத்திரையை உடைக்கும் முன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எனக்குக் காஸ்டிங் அசைன்மென்ட் பாக்கி இருக்கிறது, வரட்டுமா?